கதவு திறக்காத அந்த நாளை மேடையில் எப்படிக் காட்டுவது?

"மெல்போர்னில் எங்கள் கல்லூரி நாடகக் குழு யூதர்களுக்கு நடந்த கொடுமையையும் ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களுக்கு நடந்ததையும் ஒரே நாடகத்தில் கொண்டுவர நினைக்கிறது. சேர்த்து வைத்தால் ஒன்றை இன்னொன்றோடு எடை போட்டது போல ஆகிவிடாதா? குழுவில் பாதிப் பேர் தமிழ்ப் பிள்ளைகள், இரண்டு சமூகத்திலும் சேராதவர்கள். நாங்கள் இதைத் தொடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொடலாம். ஆனால் "அவர்கள் வலியும் இவர்கள் வலியும் ஒன்றுதான்" என்ற இடத்தில் மட்டும் தொடங்காதீர்கள். அங்கே தொடங்கிய நாடகங்களை நிறையப் பார்த்துவிட்டேன். மேடையின் இடது பக்கம் முள்வேலி, வலது பக்கம் முள்வேலி, இரண்டு பக்கமும் அம்மாக்கள் அழுகிறார்கள், பார்க்கிறவர்களும் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள், யாருக்கு என்ன நடந்தது என்று ஒரு வரிகூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது. இந்த இரண்டு வரலாறுகளும் நிஜமாகவே ஒரு தெருவில், ஒரு வாசலில் சந்தித்த நாள் ஒன்று இருக்கிறது. அது உங்கள் ஊரிலேயே நடந்தது. அங்கே தொடங்குங்கள்.

1938 டிசம்பர் 6. அதற்கு ஒரு மாதத்துக்குள்தான், நவம்பர் 9, 10 தேதிகளில், ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூதர்களின் வழிபாட்டுக் கூடங்களைக் கொளுத்தினார்கள், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை அடித்து நொறுக்கினார்கள், சுமார் 30,000 ஆண்களைப் பிடித்து முகாம்களுக்கு அனுப்பினார்கள். தெருவெல்லாம் கண்ணாடிச் சில்லு கிடந்ததால் அந்த இரவுக்குக் கிறிஸ்டல்நாக்ட் என்று பெயர் வந்தது. மெல்போர்ன் பத்திரிகைகளிலும் செய்தி வந்தது. ஃபுட்ஸ்க்ரேயில் இருந்த வில்லியம் கூப்பர், யோர்ட்டா யோர்ட்டா என்ற பூர்வகுடி மக்களின் பெரியவர், அதைப் படித்தார். அவர் செயலாளராக இருந்த பூர்வகுடி மக்களின் சங்கமான ஆஸ்திரேலியன் அபாரிஜின்ஸ் லீக் ஒரு தீர்மானம் போட்டது: யூத மக்களை நாஜி அரசு கொடுமைப்படுத்துவதை ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களின் சார்பில் வன்மையாகக் கண்டிக்கிறோம், அதை நிறுத்த வேண்டும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒரு தூதுக்குழு நகரத்தில் இருந்த ஜெர்மன் துணைத்தூதரகத்துக்குப் போனது. உள்ளே விடவில்லை. தாளை வாங்கவும் இல்லை. மறுநாள் 'தி ஆர்கஸ்' நாளிதழில் சின்னதாக ஒரு செய்தி வந்தது, அவ்வளவுதான்.

இப்போது அந்தத் தாளைக் கொண்டுபோனவர்கள் யார் என்று பாருங்கள். கூப்பர் அப்போது எண்பதை நெருங்குகிறார். வாழ்நாளில் பெரும்பகுதி முர்ரே ஆற்றங்கரையில், மலோகா மிஷனிலும், பூர்வகுடி மக்களுக்காக அரசு நடத்திய கமரகஞ்சா குடியிருப்பிலும் போனது. குடியிருப்பிலேயே இருந்தால் முதியோர் ஓய்வூதியம் கிடையாது என்ற விதியால், எழுபது தாண்டிய வயதில் ஊரை விட்டு மெல்போர்ன் வந்தவர். அவர் மகன் டேனியல் ஆஸ்திரேலியப் படையில் சேர்ந்து 1917இல் பெல்ஜியத்தில் இறந்தார். அந்த மகனைக் கொடுத்த நாட்டில் அவர் மக்களை மக்கள்தொகைக் கணக்கில் சேர்ப்பதற்கே அரசியல் சாசனம் தடை போட்டிருந்தது, அந்த வரி நீங்கியது 1967இல்தான். தங்கள் மக்களுக்கு நாடாளுமன்றத்தில் ஒரு பிரதிநிதி வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசருக்கு எழுதிய மனுவுக்காகக் கூப்பர் பல வருடம் அலைந்து 1,814 கையெழுத்து சேர்த்தார். 1937இல் மத்திய அரசிடம் கொடுத்தார். அரசு அதை அரசருக்கு அனுப்பவே இல்லை.

ஆக, தன் சொந்த மனுவே எங்கோ அலமாரியில் கிடக்கிறது, அந்த நேரத்தில் கடல் தாண்டி, தான் பார்த்தே இராத ஒரு மக்களுக்காக இன்னொரு மனு எழுதுகிறார். நாடகத்துக்கு இதைவிட வேறு என்ன கரு வேண்டும்?

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கூப்பரைக் கள்ளமில்லாத ஒரு மகானாக்கிவிடுகிறார்கள், தன் துன்பத்தை மறந்து அடுத்தவருக்காக அழுதவர் என்று. அவர் தன் துன்பத்தை ஒரு நாளும் மறக்கவில்லை. யூதர்களை ஹிட்லர் நடத்தும் விதத்தைப் பார்த்து எல்லோரும் கொதிக்கிறோம், அதே நடத்தைதான் எங்களுக்கு இங்கே கிடைக்கிறது, அதையும் கணக்கில் எடுங்கள் என்று அமைச்சருக்கே எழுதியவர் அவர். ஜெர்மன் வாசலில் போய் நின்றது கான்பெராவில் இருந்த ஆஸ்திரேலிய அரசுக்கும் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது என்று எழுதும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள், அந்தத் தூதுக்குழுவில் கூப்பரே நடந்து போனாரா என்பதிலும் அவர்களுக்குள் விவாதம் உண்டு. இதையெல்லாம் நாடகத்தில் மறைக்காதீர்கள். அடுத்தவருக்காக நிற்பதும் தனக்காக நிற்பதும் ஒரே மனிதரிடம் ஒரே மூச்சில் இருந்தன, அதைக் காட்ட முடிந்தால் அது சிலையாக நிற்காமல் ஆளாக நடமாடும்.

அதே 1938 ஜூலையில் பிரான்ஸின் எவியானில் 32 நாடுகள் கூடின. யூத அகதிகளை யார் ஏற்பது என்பதுதான் பேச்சு. ஆஸ்திரேலியாவின் சார்பில் போன அமைச்சர் தாமஸ் வைட் சொன்னதன் சாரம் இது: எங்கள் நாட்டில் உண்மையான இனப் பிரச்சினை எதுவும் இல்லை, அதனால் ஒன்றை இறக்குமதி செய்துகொள்ள எங்களுக்கு விருப்பம் இல்லை. இந்த வசனத்தை நீங்கள் கற்பனையாக எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறீர்கள் என்று சொல்லியிருப்பேன். ஒரே வாக்கியத்தில் பூர்வகுடி மக்கள் இருப்பதே இல்லை என்று ஆகிறது, யூதர்கள் வரவும் கூடாது என்று ஆகிறது. இரண்டு வரலாற்றுக்கும் நடுவில் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் இந்த வரியை வாசித்துக் காட்டுங்கள். மேடையில் இதைக் கோபமாகச் சொல்ல வைக்காதீர்கள், வில்லன் குரலும் வேண்டாம். ஒரு நல்ல மனிதர், காபி குடித்துக்கொண்டே, யாரையும் புண்படுத்தாமல் சொல்வது போல இருக்கட்டும்.

அப்புறம், நீங்கள் நாடகக்காரர்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரண்டு மக்களுக்கும் பொதுவான ஒரு அனுபவம் நாடகத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. ஒடுக்கியவன் எழுதிய நாடகத்தில் நடிக்க வைக்கப்பட்டார்கள்.

1938 ஜனவரி 26, வெள்ளையர் வந்து இறங்கி 150 வருடம். சிட்னியில் பெரிய விழா. முதல் கவர்னர் ஃபிலிப் கரையிறங்கியதை நடித்துக் காட்ட வேண்டும், அதற்குப் பூர்வகுடி ஆட்கள் வேண்டும். சிட்னியில் இருந்தவர்கள் வர மறுத்துவிட்டார்கள். அதனால் உள்நாட்டில் மெனிண்டி போன்ற குடியிருப்புகளில் இருந்து சுமார் 25 பேரைக் கூட்டி வந்து ரெட்ஃபர்ன் போலீஸ் வளாகத்தில் அடைத்து வைத்தார்கள். விழா நாளில், படகில் வந்து இறங்கும் சிவப்புச் சட்டை பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கண்டு அவர்கள் பின்வாங்கி ஓட வேண்டும், அதுதான் அவர்களுக்குக் கொடுத்த வேடம். அதே நாள் அதே ஊரில், எலிசபெத் தெருவின் ஆஸ்திரேலியன் ஹாலில், சுமார் நூறு பூர்வகுடி மக்கள் கறுப்பு உடையில் கூடித் துக்க நாள் அனுசரித்தார்கள். பூர்வகுடித் தலைவர்கள் ஜாக் பேட்டன், வில்லியம் ஃபெர்கஸன், மெல்போர்னில் இருந்து போன கூப்பர் எல்லோரும் அங்கே இருந்தார்கள்.

இப்போது ஆறு வருடம் தாண்டி, செக் நாட்டில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த தெரேசின் கெட்டோவுக்கு வாருங்கள். 1944 ஜூன் 23, செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆட்கள் பார்வையிட வருகிறார்கள். அதற்கு முன்னால் வீடுகளுக்கு வெள்ளையடித்தார்கள், பூச்செடி வைத்தார்கள், கடை போலக் கடைகள் அமைத்தார்கள், நெரிசல் தெரியக் கூடாது என்று மே மாதத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவர்களுக்குக் குழந்தைகள் நடித்த 'புருண்டிபார்' இசை நாடகத்தைக் காட்டினார்கள். ஹான்ஸ் கிராசா இசையமைத்த அந்த நாடகம் அந்தக் கெட்டோவில் 55 தடவை நடந்தது, நடித்த பிள்ளைகள் ரயிலேற்றப்பட்டுப் போகப் போகப் புதுப் பிள்ளைகள் அந்த வேடத்துக்கு வந்தார்கள். கிராசாவை அந்த வருட அக்டோபரில் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள்.

ஆனால் அதே கெட்டோவில் விக்டர் உல்மன், பேட்டர் கீன் என்ற இருவர் தங்களுக்காகவே ஒரு ஓபராவும் எழுதினார்கள். 'அட்லாண்டிஸின் பேரரசன்' என்று பெயர். பேரரசன் ஒருவன் எல்லோருக்கும் எதிராகப் போர் அறிவிக்கிறான், மரணம் என்ற பாத்திரம் வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது, யாராலும் சாக முடியவில்லை. ஒத்திகை வரை போனது, அரங்கேறவில்லை. முதல் அரங்கேற்றம் 1975இல் ஆம்ஸ்டர்டாமில். பேனாவும் தாளும் கிடைத்த இடத்தில் அவர்கள் என்ன எழுதினார்கள் என்பதும், சிட்னி விழா நடந்த ஃபார்ம் கோவ் கரையில் ஓட வைக்கப்பட்ட அதே நாளில் ஆஸ்திரேலியன் ஹாலில் என்ன பேசினார்கள் என்பதும் எனக்கு எப்போதும் பக்கத்தில் பக்கத்தில்தான் தெரிகின்றன. உங்கள் முதல் காட்சிக்கு இதை யோசியுங்கள்: அந்த 25 பேரில் ஒருவர், ரெட்ஃபர்னில் முந்தின இரவு, நாளைக்கு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஒத்திகை பார்க்கிறார்.

சரி, எப்படி எழுதுவது? என் பரிந்துரை ஆவண நாடகம். கற்பனை வசனத்தைக் குறைத்து, பதிவில் இருக்கும் சொற்களையே மேடைக்குக் கொண்டுவருவது. இரண்டு பக்கமும் இதற்கு நல்ல முன்னோடி உண்டு.

மெல்போர்னுக்கு வெளியே ஹீல்ஸ்வில் பக்கம் கொரண்டெர்க் என்று ஒரு குடியிருப்பு 1863இல் தொடங்கியது. அங்கிருந்த மக்கள் காட்டைத் திருத்திப் பயிர் வைத்தார்கள், பீர் தயாரிக்க உதவும் ஹாப்ஸ் விளைவித்துப் பரிசெல்லாம் வாங்கினார்கள். நிலம் நன்றாக ஆனதும் அவர்களை அங்கிருந்து கிளப்பப் பார்த்தார்கள். வுருன்ஜெரி தலைவர் வில்லியம் பராக்கும் மற்றவர்களும் மெல்போர்ன் வரை நடந்தே வந்து அமைச்சர்களைப் பார்த்தார்கள், மனு மேல் மனு எழுதினார்கள், கடைசியில் 1881இல் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. அதில் பூர்வகுடி சாட்சிகள் சொன்னது வரிக்கு வரி பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவை வைத்தே ஆண்ட்ரியா ஜேம்ஸும் ஜோர்டானோ நன்னியும் உருவாக்கிய 'கொரண்டெர்க்' நாடகத்தை இல்பிஜெரி நாடகக் குழு 2010இல் மெல்போர்னில் மேடையேற்றியது. நடிகர்கள் பெரும்பாலும் உட்கார்ந்து பேசுகிறார்கள், கேள்வி, பதில், கேள்வி, பதில். சாப்பாடு போதுமா, போர்வை எத்தனை, கூலி உண்டா. ஒரு போர்வைக் கணக்கு ஒரு மக்களின் நிலைமையை எப்படித் திறந்து காட்டுகிறது என்று நீங்கள் அதில் பார்க்கலாம்.

அந்தப் பக்கம், பேட்டர் வைஸ். யூத வம்சத் தந்தைக்குப் பிறந்து ஜெர்மனியை விட்டு ஓடிப் பிழைத்தவர். 1963 முதல் 1965 வரை ஃப்ராங்க்ஃபர்ட்டில் நடந்த ஆஷ்விட்ஸ் வழக்குக்குப் போய் உட்கார்ந்து குறிப்பெடுத்து, சாட்சியங்களைக் கொண்டே 'விசாரணை' என்ற நாடகத்தை எழுதினார். 1965 அக்டோபர் 19 அன்று ஒரே இரவில் கிழக்கு ஜெர்மனியிலும் மேற்கு ஜெர்மனியிலும் பத்துக்கும் மேற்பட்ட அரங்குகளில் அது நடந்தது. சாட்சிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். குற்றவாளிகளுக்குப் பெயர் உண்டு.

இந்த நாடகத்தில் ஒரு விஷயத்தை நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். அதில் 'யூதர்' என்ற சொல் வருவதே இல்லை. எங்கே வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் நடக்கலாம் என்று காட்ட வைஸ் அப்படிச் செய்தார், அதற்காக அன்றிலிருந்து இன்று வரை அவரைக் கடுமையாக விமர்சிக்கிறார்கள். எனக்கு இதில் இரண்டு மனம் உண்டு. அந்தத் திறந்த வடிவம் இருந்ததால்தான் 2000களில் ருவாண்டாவின் நடிகர்கள், தங்கள் நாட்டுப் படுகொலைக்குப் பிறகு, அதே நாடகத்தை எடுத்துத் தங்கள் குரலில் பேச முடிந்தது. ஆனாலும் செத்தவர்கள் யூதர்கள் என்பதற்காகவே கொல்லப்பட்டார்கள், அந்தப் பெயரை எடுத்துவிட்டுச் சாட்சியத்தை மட்டும் வைத்துக்கொள்வதில் ஏதோ ஒன்று கைநழுவுகிறது. உங்களைப் போல இரண்டு மக்களைச் சேர்த்து எழுதுகிறவர்களுக்கு இந்த ஆபத்து இரண்டு மடங்கு. பொதுவாக்கப் பொதுவாக்க இரண்டு பேரும் மறைந்து 'பாதிக்கப்பட்டவர்கள்' என்ற ஒரு மொட்டைச் சொல் மட்டும் மேடையில் நிற்கும். பெயரைச் சொல்லுங்கள். யோர்ட்டா யோர்ட்டா, வுருன்ஜெரி என்று மக்களின் பெயர், ஊரின் பெயர், ஆற்றின் பெயர். யோர்ட்டா என்றால் அவர்கள் மொழியில் 'இல்லை' என்று அர்த்தம், அதை இரட்டித்தால் அந்த மக்களின் பெயர். இதை ஒரு நடிகர் சும்மா சொன்னாலே அரங்கு நிமிர்ந்து உட்காரும்.

வித்தியாசத்தைச் சொல்லப் பயப்படாதீர்கள். நாஜிகளின் 1935 நியூரம்பெர்க் சட்டமும் அதையொட்டி வந்த விதிகளும் தாத்தா பாட்டியை எண்ணின, நான்கு பேரில் மூவர் யூதர் என்றால் நீ யூதர், அவ்வளவுதான், தப்பிக்க வழியில்லை. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியாவின் 1886 சட்டமும் ரத்தத்தைத்தான் எண்ணியது, ஆனால் எதிர்த் திசையில். கலப்புப் பிறப்பு என்று அது வகைப்படுத்தியவர்களில் 34 வயதுக்குக் கீழே இருந்தவர்கள் இனி பூர்வகுடி கணக்கில் இல்லை, குடியிருப்பை விட்டு வெளியே போ, ரேஷன் கிடையாது. கொரண்டெர்க்கில் உழைக்கிற வயதில் இருந்தவர்களில் பலர் இப்படித்தான் வெளியே போனார்கள், அம்மா உள்ளே, பிள்ளை வெளியே. ஒரு சட்டம் மக்களைப் பட்டியலில் சேர்த்து அழித்தது, இன்னொன்று பட்டியலில் இருந்து அடித்து அழிக்கப் பார்த்தது. இரண்டு நடிகர்கள், இரண்டு மேஜை, இரண்டு சட்டத்தையும் மாற்றி மாற்றி வாசித்தால் போதும். ஒப்பீடு என்ற சொல்லே வராமல் பார்ப்பவர்களுக்கு ஒற்றுமையும் தெரியும் வேற்றுமையும் தெரியும்.

எடை போடுவதைப் பற்றிக் கேட்டீர்களே, அதையே நாடகமாக்கிய ஒருவர் இருக்கிறார். ஹங்கேரிய யூதரான ஜார்ஜ் தபோரி. அவர் தந்தையை ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். 1990இல் வியன்னாவில் அவர் அரங்கேற்றிய நாடகத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் 'வைஸ்மனும் செம்முகனும்', கூடவே 'ஒரு யூத வெஸ்டர்ன்' என்று ஒரு உபதலைப்பு. மனைவியின் அஸ்தியை எடுத்துக்கொண்டு மகளோடு அமெரிக்க மலைக்காட்டில் வழிதவறிய ஒரு யூதக் கிழவரும் ஒரு செவ்விந்தியரும் சந்திக்கிறார்கள். துப்பாக்கிச் சண்டைக்குப் பதில் சொல் சண்டை. யார் அதிகம் பட்டார்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் தங்கள் துன்பங்களை எடுத்து வீசுகிறார்கள். மக்கள் சிரிக்கிறார்கள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. எடை போடுவது எவ்வளவு அசிங்கம், அதே நேரம் ஒதுக்கப்பட்ட இரண்டு பேர் சந்தித்தால் அது எவ்வளவு இயல்பாக வந்துவிடுகிறது, இரண்டையும் அவர் ஒரே காட்சியில் வைத்தார். ஆனால் அவர் உள்ளிருந்து எழுதியவர், தன் அப்பாவின் சாவைக் கையில் வைத்துக்கொண்டு கேலி செய்தவர். இந்த வழி உங்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். படித்துப் பாருங்கள், மேடைக்குக் கொண்டு போகாதீர்கள்.

ஒரு எதிர்ப்பு உங்களுக்கு நிச்சயம் வரும். ஹோலோகாஸ்ட்டை, அதாவது நாஜிகள் செய்த யூதப் படுகொலையை, வேறு எதோடும் சேர்க்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள், சொல்கிறவர்களில் உயிர் பிழைத்தவர்களின் பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களிடம் வாதம் செய்யாதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள். அறுபது லட்சம் பேரைச் சில வருடங்களுக்குள் ஒரு அரசு எந்திரம் போலக் கொன்றது வேறு. 1788 முதல் தலைமுறை தலைமுறையாக நிலத்தைப் பிடுங்கி, சுட்டு, நோயில் விட்டு, பிள்ளைகளைப் பறித்து மக்களைக் கரைத்தது வேறு. அது வேறு என்பதால் பேசக் கூடாது என்று ஆகாது. 'ஜெனோசைட்', அதாவது இனப்படுகொலை, என்ற சொல்லையே 1944இல் உலகுக்குக் கொடுத்த ரஃபேல் லெம்கின் போலந்து யூதர், தன் குடும்பத்தில் பெரும்பாலோரைப் பறிகொடுத்தவர். அவர் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு தன் மக்களின் கதையோடு நிற்கவில்லை, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் பூர்வகுடி மக்களுக்கு என்ன நடந்தது என்றும் தனியாக ஆராய்ந்து எழுதி வைத்தார். கூப்பர் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் பார்த்தார் என்றால், லெம்கின் அந்தப் பக்கத்தில் இருந்து இந்தப் பக்கம் பார்த்தார்.

இப்போது, நீங்கள் யார் இதைத் தொட என்ற கேள்வி. இதற்கு ஒரு பெயரைச் சொல்கிறேன், தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ். 1859இல் மொரீஷியஸில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர், குடும்ப வேர் மெட்ராஸில். ஆஸ்திரேலியா வந்தவர் மலோகாவிலும் கமரகஞ்சாவிலும் பள்ளி ஆசிரியரானார், கூப்பரின் சகோதரி ஏடாவைத் திருமணம் செய்துகொண்டார், பல பத்து வருடங்கள் அங்கேயே பாடம் சொன்னார். அவரிடம் படித்தவர்களில் கூப்பரும் ஒருவர். பின்னாளில் தெற்கு ஆஸ்திரேலியாவின் கவர்னரான டக்ளஸ் நிக்கல்ஸும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான். மனு எழுதத் தெரிந்த ஒரு தலைமுறை அந்த வகுப்பறையில் இருந்து வந்தது. ஆக, மெட்ராஸில் வேர் உள்ள ஒருவர் இந்தக் கதைக்குள் ஏற்கனவே இருக்கிறார், கையில் சிலேட்டும் சாக்பீஸுமாக. இதை வைத்து இது நம் கதை என்று சொல்ல வேண்டாம், அது அவர்கள் கதைதான். ஆனால் உங்கள் தமிழ்ப் பிள்ளைகள் மேடையில் நிற்க ஒரு நேர்மையான இடம் இருக்கிறது: ஆசிரியர், எழுத்தர், பத்திரிகை வாசகர், வைட், வாசல் காவலர். கூப்பரின் வேடத்தைப் பூர்வகுடி நடிகர் செய்யட்டும். கிடைக்கவில்லை என்றால் வேடத்தையே வைக்காதீர்கள். நாற்காலியின் மேல் ஒரு தொப்பி வைத்து, அவர் எழுதிய கடிதத்தை மட்டும் வாசியுங்கள்.

அனுமதி கேட்பதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். யோர்ட்டா யோர்ட்டா பெரியவர்களை முதல் பிரதி எழுதும் முன்பே பாருங்கள், எழுதி முடித்துக் கையெழுத்துக்குப் போவது மரியாதை ஆகாது. இறந்தவர்களின் பெயரையும் படத்தையும் காட்டும்போது முன்னறிவிப்பு சொல்லும் வழக்கம் உண்டு, அதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். எல்ஸ்டர்ன்விக்கில் ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே ஒரு முழு நாள் செலவழியுங்கள். கோடு போட்ட முகாம் சட்டை, ரயில் சத்தம், நாய் குரைப்பு எதுவும் வேண்டாம்.

ஒத்திகைக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன், நான் ஒரு பட்டறையில் செய்து பார்த்தது. அறையின் கதவைச் சாத்திவிட்டு, நான்கு பேரிடம் ஒரு தாளைக் கொடுத்து வெளியே நிற்கச் சொன்னேன். உள்ளே ஒருவர் எழுத்தர். விதி ஒன்றுதான், கதவு திறக்காது, வெளியே இருப்பவர்கள் கத்தக் கூடாது, எப்போது கிளம்புவது என்று அவர்களே முடிவு செய்ய வேண்டும். முதல் நிமிடம் எல்லோரும் நடித்தார்கள், முகத்தில் சோகம், பெருமூச்சு. இரண்டாவது நிமிடத்தில் அது தீர்ந்துவிட்டது. அப்புறம் ஒரு பெண் தாளின் மடிப்பை விரலால் நீவ ஆரம்பித்தாள், வியர்வையில் ஓரம் சுருண்டிருந்தது. ஒருவன் கதவுக்கு அடியில் தள்ளிவிடலாமா என்று குனிந்து பார்த்தான், இடைவெளி இல்லை. நாலரை நிமிடம் ஆகும்போது மூத்தவர் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டார். யாரும் எதுவும் பேசாமல் திரும்பி நடந்தார்கள். ஆனால் அன்று எங்களை உலுக்கியது உள்ளே இருந்த பையன். கதவுக்குப் பின்னால் அவர்கள் காலடி கேட்கும் வரை பேனாவைக் கையில் பிடித்தபடியே இருந்திருக்கிறான், ஒரு சொல்கூட எழுதவில்லை. நீங்கள் அந்தக் கதவை மேடையின் நடுவில் வைத்தால், பார்ப்பவர்கள் இரண்டு பக்கத்தையும் பார்க்கும்படி பக்கவாட்டில் வையுங்கள்.

முடிவு எங்கே என்பதில் உங்களுக்குள் சண்டை வரும், வரட்டும். 2012 டிசம்பர் 6 அன்று கூப்பரின் பேரன் ஆல்ஃப் டர்னர், எல்லோருக்கும் அங்கிள் பாய்டி, குடும்பத்தோடும் நூற்றுக்கணக்கான பேரோடும் ஃபுட்ஸ்க்ரேயில் இருந்து நடந்து போய் அந்தக் கடிதத்தின் நகலை ஜெர்மனியின் கௌரவத் தூதர் கையில் கொடுத்தார், இந்த முறை வாங்கிக்கொண்டார்கள். அதுவும் ஒரு நாடகம்தான், எழுபத்து நான்கு வருடம் கழித்து அதே காட்சி, வேறு முடிவு. பலருக்கு அங்கேயே திரையை இறக்கத் தோன்றும். நான் இறக்க மாட்டேன். ஜெர்மன் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு இரண்டே மாதத்தில், 1939 பிப்ரவரி 4 அன்று, கமரகஞ்சாவில் பட்டினியும் நிர்வாகியின் கொடுமையும் தாங்காமல் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு முர்ரே ஆற்றைத் தாண்டி விக்டோரியா பக்கம் போய்விட்டார்கள். டெபோரா சீத்தம் அதை 'பெக்கன் சம்மர்' என்ற ஓபராவாக்கி 2010இல் அந்தப் பகுதியிலேயே, மூருப்னாவில், அரங்கேற்றினார், அவர் தாத்தா பாட்டியே அந்த நடையில் நடந்தவர்கள். கூப்பர் 1941இல் இறந்தார், அதுவரை அந்த மக்களுக்காகக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். நான் இயக்கினால், 2012ஐ நடுவில் வைத்துவிட்டு, ஆற்றைத் தாண்டும் காட்சியில் முடிப்பேன்.

முதல் வாசிப்புக்கு உட்காரும்போது ஒன்று செய்யுங்கள். எவியானில் வைட் பேசிய அந்த ஒரு வரியை யாருக்கும் ஒதுக்காதீர்கள். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு முறை சத்தமாகப் படியுங்கள், நீங்கள் உள்பட. யாருக்கு அது சிரமமே இல்லாமல் வாயில் வருகிறதோ, அவரிடம் அந்த வேடத்தைக் கொடுங்கள்.